வெயில் கொளுத்தும்போது அருவியில் குளிக்க ஏன் தடை? வைகையின் தலைமாட்டுக்குப் போகும் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு விளக்கம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். பள்ளிக்கூட விடுமுறையும் அதே சமயம்தான். ராமேசுவரம், மண்டபம், தொண்டி, தேவிபட்டினம் பக்கமிருந்து வேன் பிடித்துத் தேனி மாவட்டத்துக்குப் போகிறவர்கள் அதிகம் கிளம்புவது இந்த இரண்டு மாதத்தில். சுருளி, கும்பக்கரை, மேகமலை என்று ஒரு சுற்று, வழியில் வைகை அணைப் பூங்கா.

அதே இரண்டு மாதத்தில் அடிக்கடி வரும் செய்தி ஒன்றும் உண்டு: "கும்பக்கரை அருவியில் வெள்ளப்பெருக்கு, சுற்றுலாப் பயணிகள் குளிக்கத் தடை." ராமநாதபுரத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். பெரியகுளத்திலும் வானம் வெறிச்சென்று இருக்கும். நான்கு மணி நேரம் வண்டியில் போய் இறங்கினால் வாசலிலேயே வனத்துறை திருப்பி அனுப்பும். மழையே இல்லாமல் எங்கிருந்து வெள்ளம், வேண்டுமென்றே மூடுகிறார்களா என்று கேட்பது இயல்பு. இந்தக் கேள்விக்கு விடை ஆற்றின் அமைப்பில் இருக்கிறது.

ஒரே ஆறு, இரண்டு குணம்

வைகை வருசநாட்டு மலையில் பிறக்கிறது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டங்களைத் தொட்டு, 258 கிலோமீட்டர் ஓடி, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்குகிறது. கண்மாய் நிறைந்த பிறகு மிஞ்சுவது மட்டும் ஆற்றங்கரை என்ற ஊருக்கு அருகே பாக் நீரிணையில் கலக்கிறது. மற்ற ஆறுகள்போலக் கடலுக்கு நேராகப் போய்ச் சேராமல், கண்மாயைத் தேடி வருகிற ஆறு இது.

மதுரை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நம் பக்கம் நூறு கிலோமீட்டருக்கு மேல். அதாவது கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுகூடச் சரியாகத் தேறாது. தண்ணீர் நடந்துதான் வரும். அணையில் திறந்துவிட்டார்கள், மதுரை தாண்டியது, மானாமதுரை வந்தது, பார்த்திபனூர் மதகணைக்கு வந்துவிட்டது என்று ஒவ்வொரு கட்டமாகச் செய்தி கேட்டுக்கொண்டே இருப்போம். நம் ஊரில் துளி மழை இல்லாமலும் ஆற்றில் தண்ணீர் வரும் என்பது ராமநாதபுரத்துக்காரருக்குப் புதிதில்லை. பெரிய கண்மாய்க்குத் தண்ணீர் வருவதே வேறெங்கோ பெய்த மழையால்தான்.

மேலே நடப்பதும் இதேதான். எங்கோ பெய்கிறது, எங்கோ வருகிறது. ஆனால் நமக்கு நாள்கணக்கில் கிடைக்கிற முன்னறிவிப்பு, அங்கே நிமிடக்கணக்கில் சுருங்கிவிடுகிறது.

எந்த அருவிக்கு எங்கே மழை பெய்ய வேண்டும்?

ஒரு இடத்தில் விழும் மழை எல்லாம் வழிந்து எந்த ஓடைக்கு வந்து சேர்கிறதோ, அந்த இடம் அந்த ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி. செய்தியில் இந்தச் சொல் வந்தால் ஊர்ப் பெயரைக் கவனித்துப் படிக்க வேண்டும். குளிக்கிற இடமும் மழை பெய்கிற இடமும் வேறு வேறு.

1. கும்பக்கரை. பெரியகுளத்திலிருந்து எட்டு, ஒன்பது கிலோமீட்டர். அருவி இருப்பது தேனி மாவட்டத்தில். அதற்குத் தண்ணீர் தருகிற வட்டக்கானல், பாம்பார்புரம் பகுதிகளோ திண்டுக்கல் மாவட்டத்துக் கொடைக்கானலில். அங்கே பெய்யும் மழை ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து மலை விளிம்பு வழியாக இறங்கி வந்துவிடும். தேனிக்கு மழை எச்சரிக்கை இல்லை என்று கிளம்பிப் போய் ஏமாறுகிறவர்கள் பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

2. சுருளி. கம்பத்திலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர். மேகமலைக் காட்டிலுள்ள ஈத்தக்காடு, அரிசிப்பாறை, தூவானம் பகுதிகளில் பெய்வது இங்கே விழுகிறது. ராமேசுவரம் அக்னி தீர்த்தம்போல, ஆடி, தை அமாவாசைகளில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் கூடுகிற இடம்.

3. சின்னச்சுருளி. கோம்பைத்தொழு அருகே இருக்கிறது. மேகமலை அருவி என்றும் சொல்வார்கள். பெயர்க் குழப்பத்தில் சுருளிக்குப் போக வேண்டிய வண்டி இங்கே போய் நிற்பதும் உண்டு. இரண்டும் மலையின் வேறு வேறு பக்கம்.

4. கொட்டகுடி ஆறு. போடிக்கு மேலே குரங்கணி மலையிலிருந்து வருகிறது. அணைப்பிள்ளையார் தடுப்பணையில் குளிக்கிறவர்களுக்கு மேலே குரங்கணியில் மேகம் திரண்டால் தெரியாது.

5. முல்லைப் பெரியாறு. இதன் கதை வேறு. மேற்கே கேரளத்துக்கு ஓட வேண்டிய பெரியாற்றை, 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணை தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பிவிடுகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், வீரபாண்டி வழியாக ஓடுவது பெரும்பாலும் இந்தத் தண்ணீர். இதில் ஏற்ற இறக்கத்தை மழை மட்டும் முடிவு செய்வதில்லை. பாசனத்துக்கும் லோயர் கேம்ப் மின் உற்பத்திக்கும் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, காலையில் கணுக்கால் நனைந்த இடம் மாலையில் இடுப்பளவாகலாம்.

காட்டாற்று வெள்ளம் எப்படிப் பிறக்கிறது?

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும். 10 சதுர கிலோமீட்டர் மலைச்சரிவு. அதில் ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை. கோடை இடிமழைக்கு இது பெரிய விஷயமில்லை. மொத்தம் விழுந்த தண்ணீர் 50 கோடி லிட்டர். அதில் பாதியை மண்ணும் மரமும் உறிஞ்சிக்கொண்டன என்று வைத்துக்கொள்வோம். மீதி 25 கோடி லிட்டரும் ஒரே பள்ளத்தின் வழியாக ஒரு மணி நேரத்தில் வெளியேறினால், விநாடிக்கு ஏறத்தாழ 70,000 லிட்டர்.

செய்திக் கணக்கில் சொன்னால் சுமார் 2,450 கன அடி. "கன அடி" என்று அணைச் செய்திகளில் வருவது விநாடிக்கு ஒரு கன அடி, அதாவது விநாடிக்கு 28.3 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் 6 தண்ணீர் லாரிகள் ஒவ்வொரு விநாடியும் உங்கள் தலைக்கு மேலே கவிழ்வதாக நினைத்துப் பாருங்கள்.

சமவெளியில் இதே மழை பெய்தால் வயலில் தேங்கும், கண்மாயில் நிற்கும், மணலில் இறங்கும். மலையில் தேங்க இடமில்லை. அடியில் பாறை, மேலே கொஞ்சம் மண். நாலாபக்கத்து ஓடைகளும் ஒரே குறுகிய பள்ளத்துக்கு ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. அதனால் தண்ணீர் மெல்ல மெல்ல ஏறுவதில்லை. சுவர்போல வருகிறது என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வது மிகையில்லை.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்தது இதுதான். மேலே பெய்த மழையில் திடீரென வெள்ளம் வந்து, குளித்துக்கொண்டிருந்த கூட்டம் சிதறி ஓடியது. 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். வேறு மலை, வேறு ஆறு. நடந்த விதம் கும்பக்கரைக்கும் சுருளிக்கும் அப்படியே பொருந்தும்.

வெள்ளம் வருமுன் தண்ணீரே சில குறிகளைக் காட்டும்:

1. தெளிந்த நீர் பழுப்பாகக் கலங்கத் தொடங்கும்.
2. இலை, சுள்ளி, நுரை என்று சருகுக் குப்பை மிதந்து வரும்.
3. மேலே பள்ளத்தில் ஒரு அடங்கிய இரைச்சல் கேட்கும். அருவிச் சத்தத்தில் இதைப் பிரித்தறிவது கடினம்.
4. சில நேரம் வரத்து சட்டென்று குறையும். மேலே மரமோ பாறையோ விழுந்து தண்ணீரை மறித்திருக்கலாம். பலரும் "தண்ணி குறைஞ்சிடுச்சு" என்று உள்ளே இறங்குவது இந்த நேரத்தில்தான்.

இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் செருப்பையும் சோப்பையும் தேடாமல் வெளியே வர வேண்டும். போக வேண்டிய திசை பக்கவாட்டில் உயரமான இடம். ஆற்றோடு கீழ்நோக்கி ஓடுகிறவரைத் தண்ணீர் முந்திவிடும்.

கச்சான் சொல்லும் சேதி

நம் கடற்கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் கச்சான் காற்றுக்கும் சுருளி அருவிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மோதி மேலே ஏறும் காற்று குளிர்ந்து, கேரளப் பக்கமும் மலை முகட்டிலும் மழையாகக் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி இறங்கும்போது அதில் ஈரம் மிச்சமில்லை. இந்தப் பக்கத்து நிலத்தை மழைமறைவுப் பகுதி என்பார்கள். அந்த வறண்ட காற்றுதான் நமக்குக் கச்சானாக வருகிறது.

தனுஷ்கோடியில் மணல் கண்ணில் அடிக்கிறது, தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளித்து வடகடல் (பாக் நீரிணை) அமைதியாகக் கிடக்கிறது என்றால், மேகமலை முகட்டில் பெரும்பாலும் மழைக்காலம் நடக்கிறது என்று பொருள். கடலோரத்தில் காற்றைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதைவிட எளிய குறி வேறில்லை. ஆனால் காற்றைப் பார்த்துப் படகை இறக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கிற அதே ஆள், மலைக்குப் போகும்போது வானத்தைக்கூடப் பார்க்காமல் வேன் ஏறிவிடுகிறார் என்பதுதான் வேடிக்கை.

காலவாரியாகப் பார்த்தால்:

ஏப்ரல், மே மாதங்களில் பெய்வது வெப்பச்சலன மழை. காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். மதியம் இரண்டு, மூன்று மணிக்கு மேல் முகட்டில் மேகம் கட்டி, சின்ன இடத்தில் கனமாகக் கொட்டும். அதனால் இந்த மாதங்களில் குளியல் காலையிலேயே முடிந்துவிட வேண்டும். மதியம் சாப்பிட்டுவிட்டு நிதானமாக மூன்று மணிக்கு அருவிக்குப் போவது மோசமான ஏற்பாடு.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முகட்டில் தொடர் சாரல். அருவி சீராக விழும். அழகும் அதிகம், தடையும் அதிகம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வைகை முழு வேகத்தில் இருக்கும் காலம். சுற்றுலாவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜனவரி நல்ல மாதம்: தண்ணீர் இருக்கும், மழை ஓய்ந்திருக்கும், கம்பம் பக்கம் பன்னீர் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் விடுமுறை அப்போது கிடைப்பதில்லையே.

கடலில் நீந்துகிறவருக்கு ஆற்றில் என்ன ஆகிறது?

கடலில் பிறந்து வளர்ந்த பிள்ளை, இந்த அருவி என்ன செய்யும் என்ற தைரியம் நம் பக்கத்தில் உண்டு. அந்தத் தைரியத்துக்கு இயற்பியல் துணை நிற்காது.

கடல் நீர் நன்னீரைவிட சுமார் 2.5 விழுக்காடு அடர்த்தி கூடியது. 70 கிலோ எடையுள்ள ஒருவரைக் கடல் தாங்குவதைவிட ஆறு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் கிலோ குறைவாகத்தான் தாங்கும். கடலில் கையைக் காலை ஆட்டாமல் மிதக்கிறவர், இங்கே வாய்மட்டத்துக்குத் தண்ணீர் ஏறுவதை உணர்வார். அருவி விழும் இடத்தில் நிலைமை இன்னும் மோசம். நுரைத்த தண்ணீரில் பாதி காற்று. காற்று ஆளைத் தாங்காது, கை வீசினாலும் பிடிமானம் கிடைக்காது.

அப்புறம் அடித்தளம். பாக் நீரிணை ஓரத்தில் வெகுதூரம் நடந்து போகலாம், தரை மெல்ல மெல்லத்தான் இறங்கும். மலை ஆற்றில் ஒரு எட்டு வைத்தால் முழங்கால், அடுத்த எட்டில் ஆள் மூழ்கும் கசம். தண்ணீர் பல நூறு ஆண்டுகளாகக் கல்லைச் சுழற்றிக் குடைந்த குழிகள் இவை. கும்பக்கரையில் இவற்றுக்கு யானை கெஜம், பாம்பு கெஜம் என்று பெயரே உண்டு. உள்ளே அகன்றும் வாயில் குறுகியும் இருப்பதால் சுழலில் சிக்கியவர் மேலே வரும் வழி தெரியாமல் திணறுவார். பாறைமேல் பாசி வேறு. அதில் அரையடி உயரத்துக்கு வேகமாக ஓடும் தண்ணீரே ஒரு பெரியவரைச் சாய்க்கப் போதும்.

எல்லாத் தடையும் வெள்ளத்துக்கில்லை

செய்தியில் "தடை" என்ற ஒரே சொல் வந்தாலும் காரணம் மூன்று வகைப்படும். காரணத்தைப் பொறுத்து, காத்திருக்கலாமா திரும்பலாமா என்பதும் மாறும்.

1. தண்ணீர். மேலே மழை நின்றால் பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாளில் வரத்து குறைந்து திறப்பார்கள். பக்கத்தில் வேறு இடம் பார்த்துவிட்டு மறுநாள் வரலாம்.

2. யானை. சுருளிக்குப் போகும் காட்டுவழி யானைகள் நடமாடும் இடம். மந்தை நகரும்வரை திறக்க மாட்டார்கள். ஒரு நாளா ஒரு வாரமா என்று யானைதான் சொல்ல வேண்டும். 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் என்ற யானை கம்பம் நகருக்குள்ளேயே வந்துவிட்டது. ஊரில் 144 தடை உத்தரவு போடும் அளவுக்குப் போனது. ஜூன் 5-ஆம் தேதி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோன பிறகுதான் ஊர் மூச்சுவிட்டது.

3. தீ. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சருகு காய்ந்து கிடக்கும். மலையேற்றப் பாதைகளை இந்தக் காலத்தில் மூடுவதற்குப் பின்னால் ஒரு பெரிய துயரம் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் ஏறியவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு "ட்ரெக் தமிழ்நாடு" என்ற பெயரில் 40 பாதைகளை இணையப் பதிவுக்குத் திறந்தது. குரங்கணி – சாம்பலாறு அதில் ஒன்று. பதிவு செய்து, வழிகாட்டியோடு போக வேண்டும். உள்ளூர் ஆள் ஒருவரைப் பிடித்துக் குறுக்குவழியில் ஏறுவது சட்டப்படி குற்றம்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. மேகமலை 2021 பிப்ரவரியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. இந்தியாவின் 51-ஆவது, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் அது. முன்பு போனபோது எங்கு வேண்டுமானாலும் நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டோமே, இப்போது ஏன் விரட்டுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். சின்னமனூரிலிருந்து ஏறும் சாலையில் தென்பழனி சோதனைச் சாவடியில் வண்டியைப் பார்ப்பார்கள். இரவில் விடமாட்டார்கள். அந்தக் கண்டிப்பால்தான் சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் இன்னும் சாலையோரத்திலிருந்தே கண்ணில் படுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

கிளம்புமுன் பார்க்க வேண்டியவை

வானிலை அறிக்கையில் ராமநாதபுரத்தைப் பார்ப்பதில் பயனில்லை. கும்பக்கரைக்குத் திண்டுக்கல், சுருளிக்கும் மேகமலைக்கும் குரங்கணிக்கும் தேனி, முல்லைப் பெரியாற்றுக்குக் கேரளத்தின் இடுக்கி. இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் கனமழை, 7 முதல் 11 சென்டிமீட்டர். ஆரஞ்சு என்றால் மிகக் கனமழை, 12 முதல் 20 வரை. சிவப்பு அதற்கும் மேல். மஞ்சள்தானே என்று அலட்சியப்படுத்த வேண்டாம். மேலே போட்ட கணக்கு வெறும் 5 சென்டிமீட்டருக்கு.

இ-பாஸ் பற்றிய குழப்பமும் தீரவில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் தேவைப்படுவது கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும். கும்பக்கரை மலையடிவாரத்தில் இருப்பதால் அதற்குத் தேவையில்லை, சுருளிக்கும் தேவையில்லை. கும்பக்கரையில் தடை, சரி கொடைக்கானலுக்கே ஏறிவிடுவோம் என்று வழியில் மனம் மாறுகிறவர்கள்தான் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொள்கிறார்கள். முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டால் தொல்லையில்லை.

வேன் இல்லாதவர்களுக்கு ரயில் வசதி திரும்பிவிட்டது. மதுரை–தேனி அகலப்பாதை 2022 மே மாதத்திலும், போடிநாயக்கனூர் வரை 2023 ஜூனிலும் திறக்கப்பட்டன. மதுரையில் வண்டி மாற வேண்டும். போன பிறகு அவசரம் என்றால் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, பொதுவாக 112.

அணை எச்சரிக்கை யாருக்கு?

கடைசியாக, குழப்பம் தரும் இன்னொரு செய்தி: "வைகைக் கரையோர ஐந்து மாவட்ட மக்களுக்கு வெள்ள அபாய எச்சரிக்கை." வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டது. முழுக் கொள்ளளவு 71 அடி, ஏறத்தாழ 6 டிஎம்சி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. மூன்றாவதுக்குப் பிறகு வருகிற தண்ணீரை அப்படியே உபரி நீராகத் திறந்துவிடுவார்கள்.

முதல் எச்சரிக்கை வந்த நாளில் அணைப் பூங்காவைச் சுற்றிப் பார்க்கலாம். அணைக்குக் கீழே ஆற்றில் இறங்கக் கூடாது. மூன்றாவது வந்துவிட்டால் தேனிக்குப் போகும் வழியில் வைகைத் தரைப்பாலங்கள் எதையும் நம்பக் கூடாது. மதுரையில் ஆற்றோரச் சாலைகளையே மூடிவிடுவார்கள்.

ஐந்தாவது மாவட்டமாக நம் பெயரும் அந்த எச்சரிக்கையில் இருக்கிறது. பலர் அதைத் தேனிக்காரர்களுக்கான செய்தி என்று தள்ளிவிடுகிறார்கள். மலையில் நீங்கள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்த அதே வெள்ளம், நீங்கள் வீடு வந்து சேர்ந்து சில நாள் கழித்துப் பார்த்திபனூரில் பிரிந்து, பரமக்குடி தாண்டி, பெரிய கண்மாயின் கரையை வந்து முட்டும்.